மலராத போலுவை யாருக்கும் கொடுப்பதில்லை

கேக்கின் தலை வெடித்துவிட்டால் நம் ஊர் பேக்கரிக்காரர் அதன்மேல் கிரீமைத் தடவி மறைத்துவிடுவார். ஜாவாவில் இதற்கு நேர்மாறாக ஒரு கேக் இருக்கிறது. தலை வெடிக்காவிட்டால்தான் அதை ஒளித்துவைக்க வேண்டும். போலு குக்குஸ் என்று பெயர். ஆவியில் வெந்த பஞ்சுக் கேக், உள்ளங்கையில் அடங்கும் அளவு. அடியில் வெள்ளைக் காகிதக் கூம்பு. மேலே மூன்றாகவோ நான்காகவோ பிளந்து விரிந்த இதழ்கள். இதழ் ஓரங்களில் இளஞ்சிவப்போ பச்சையோ காப்பிப் பழுப்போ. இப்படிப் பிளப்பதை அவர்கள் 'மெக்கார்' என்பார்கள், மலர்வது. பிளக்காமல் கெட்டியாக உட்கார்ந்துவிட்டால் 'பந்தாத்'. பந்தாத் ஆனதை வீட்டுப் பிள்ளைகள் தின்னலாம். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கக் கூடாது.

ருசிக்காக இதைப் புகழ முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தோனேசியாவில் இதைவிட நல்ல கேக்குகள் எத்தனையோ உண்டு. டச்சுக்காரர் காலத்து லாப்பிஸ் லெகித்தை எடுத்துக்கொள்ளுங்கள். முப்பது மஞ்சள் கரு, டின் வெண்ணெய், பட்டை, கிராம்பு, ஜாதிக்காய். ஒரு கரண்டி மாவை ஊற்றிச் சுட்டு, அதன்மேல் இன்னொரு கரண்டி ஊற்றிச் சுட்டு, பதினெட்டு இருபது அடுக்கு வரும்வரை அடுப்பைவிட்டு நகராமல் செய்கிற வேலை. பாலெம்பாங்கில் பாண்டான் இலைச் சாறும் தேங்காய்ப் பாலும் சேர்த்துப் பூ அச்சில் சுடும் போலு கோஜோ. மக்காசாரில் கேக்கைப் பனைவெல்லப் பாகில் ஊறப்போடும் போலு பெச்சா. இவையெல்லாம் நாக்குக்கானவை. போலு குக்குஸில் இருப்பது இனிப்பும் மென்மையும் மட்டும். கூடவே தேநீர் இல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும். ஆனாலும் நான் அங்கே வாழ்ந்த காலத்தில் கல்யாணமோ, பிள்ளைப்பேறோ, சாவோ, மாதாந்தரக் கூட்டமோ, கையில் கொடுத்த அட்டைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே வாய் விரிந்து உட்கார்ந்திருந்தது இதுதான்.

நாங்கள் 1996-இல் செமாராங் போய்ச் சேர்ந்தோம். நடு ஜாவா மாகாணத்தின் தலைநகர், வடகரைத் துறைமுகம். 1867-இல் இந்தோனேசியாவின் முதல் ரயில் ஓடியது இந்த ஊரிலிருந்துதான். கடலோரப் பழைய நகரத்தில் மழையே பெய்யாத நாளிலும் கடல் ஏறிவந்து தெருவில் கணுக்கால் அளவு நிற்கும். தெற்கே போகப் போக மேடு. மலைச்சரிவில் வீடுகள், அதற்கும் அப்பால் உங்காரான் பக்கம் ஆலைகள். என் கணவருக்கு அங்கே ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் மாஸ்டர் வேலை. அந்த வட்டாரத்து மில்களில் நம் நாட்டு ஆட்கள் நிறையப் பேர் இருந்தார்கள். குவார்ட்டர்ஸில் இடம் காலியில்லாததால் பன்யுமானிக் என்ற மேட்டுப்பகுதியில் ஒரு சந்துக்குள் வாடகை வீடு பிடித்தோம். அது நல்லதாகப் போயிற்று. குவார்ட்டர்ஸில் இருந்திருந்தால் சாம்பார்ப்பொடிக் கைமாற்றோடு என் இந்தோனேசியா முடிந்திருக்கும்.

அந்த நாட்டில் சில பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு 'எர்தே'. ஜப்பானியர் ஜாவாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் கொண்டுவந்த அக்கம்பக்க அமைப்பு. அவர்கள் போன பிறகும் நிலைத்துவிட்டது. அதன் தலைவர் பா எர்தே, அவர் மனைவி இபு எர்தே. பதவி கணவருக்கு, அதிகாரம் மனைவிக்கு. எங்கள் சந்தின் இபு எர்தே என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். தன்னைவிட இளைய பெண்ணை ஜாவாக்காரப் பெண்கள் கூப்பிடுகிற முறையில் என்னை 'ஜெங்' என்பார். நான் அவரை 'பு' என்பேன். சந்தின் சுத்தம், குழந்தைகளின் எடை பார்க்கும் நாள், புதிதாக வந்த வாடகைக்காரரின் அடையாள அட்டை, எல்லாம் அவர் கணக்கில் இருந்தன. இவற்றுக்கு நடுவே போலுவும் செய்து விற்றார்.

அவர் வீட்டுப் பின்கட்டில் தகரக் கூரை போட்ட சமையலிடம். பல திரி வைத்த மண்ணெண்ணெய் அடுப்புகள் இரண்டு. ஒவ்வொன்றின்மேலும் ஒரு தண்டாங், அதாவது உயரமான அலுமினிய ஆவிப்பானை. கூம்பு வடிவத் தகரக் குப்பிகள், உடம்பெல்லாம் துளை போட்டவை, நூற்றுக்கணக்கில் கவிழ்த்துவைத்திருப்பார். விடியல் தொழுகை முடிந்ததும் வேலை தொடங்கும். கால் கிலோ சர்க்கரை, இரண்டு முட்டை, கால் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக மைதா, ஒரு டம்ளர் சோடா, ஒரு சிட்டிகை வனிலித்தூள், ஒரு சின்னக் கரண்டி 'ஓவலெட்'. இவ்வளவையும் ஒரே பாத்திரத்தில் கொட்டி அடிக்க வேண்டும். மின்சார மிக்ஸர் வருவதற்கு முன் சுருள்கம்பி வைத்த கைக்கோலால்தான் அடித்தாராம். மாவு வெளுத்து, கனத்து, கோலைத் தூக்கினால் விழாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும்வரை. அதில் ஒரு பங்கை எடுத்துச் சாயம் கலப்பார். வெள்ளை மாவைக் குப்பியில் நிரப்பி, மேலே சாயமாவில் ஒரு கரண்டி. குப்பியின் விளிம்புவரை நிரம்பியிருக்க வேண்டும், குறையக் கூடாது.

இட்லிப் பானையோடு வளர்ந்தவளுக்கு ஆவியில் வேகவைப்பது புதிதில்லை. ஆனால் நாம் துணியை மாவுக்கு அடியில் விரிக்கிறோம். அவர்கள் மூடிக்குக் கட்டுகிறார்கள். மூடியில் கோத்த நீர் சொட்டினால் போலுவின் தலையில் குழி விழும், அது நனைந்து சுருங்கும். அதனால் கனத்த துண்டை மூடியைச் சுற்றி இழுத்து உச்சியில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே குப்பிகளை உள்ளே வைப்பது. பிறகு பத்துப் பன்னிரண்டு நிமிடம் மூடியைத் தொடக் கூடாது. இபு எர்தேயின் மாமியாருக்கு இன்னொரு விதியும் உண்டு. பானைப் பக்கத்தில் நின்று பேசக் கூடாது. பேசினால் போலு வெட்கப்பட்டு வாயைத் திறக்காது. அந்தக் கிழவி ஒரு சின்ன முக்காலியில் அடுப்புக்கு எதிரே காவலாக உட்கார்ந்துகொண்டு யாராவது வாயெடுத்தால் விரலை உயர்த்துவார். மருமகள் பேசிக்கொண்டேதான் இருப்பார், போலுவும் மலர்ந்துகொண்டேதான் இருக்கும்.

இதழ் ஏன் பிரிகிறது என்பதை நின்று நின்று பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். துளைக் குப்பியின் ஓரத்தில் ஆவி படுகிற இடம் முதலில் வெந்து இறுகுகிறது. மேல்தோலும் சீக்கிரமே இறுகிவிடுகிறது. நடுமாவு மட்டும் இன்னும் பச்சையாக, உள்ளே அடைபட்ட காற்று சூடேறி ஊதிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் வழியில்லை, மேல்தோலைக் கிழித்துக்கொண்டு வருகிறது. தீ மந்தமாக இருந்தால் தோல் இறுகுவதற்குள் எல்லாம் ஒருசேர உப்பி வழவழவென்று குவிந்து நின்றுவிடும். குப்பி குறைவாக நிரம்பியிருந்தாலும் அப்படித்தான். ஆக, எல்லாம் தீயின் வேகத்தில் இருக்கிறது. எதிலும் சிக்கனம் பார்க்கிற இபு எர்தே மண்ணெண்ணெயில் மட்டும் பார்க்கமாட்டார். திரிகளை ஏற்றிவிட்டால் அடுப்பு இரைகிற சத்தம் எங்கள் வீட்டுத் திண்ணைவரை கேட்கும்.

மலர்வதற்குக் காரணம் சோடாதான் என்பது சந்துப் பெண்களின் நம்பிக்கை. சீசாவைத் திறந்ததும் ஊற்ற வேண்டும், நுரை அடங்கக் கூடாது என்று அவசரப்படுவார்கள். அத்தனை நேரம் போட்டு அடித்தால் சோடாவின் வாயு எங்கே மிஞ்சும்? என் கணிப்பில் வேலை செய்தது அந்த ஓவலெட். சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் மஞ்சள் பசையாக வரும். கொழுப்பிலிருந்து எடுத்த பொருள். முட்டை நுரையின் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து உடையாமல் பிடித்துவைக்கும். முட்டையை மணிக்கணக்கில் கையால் அடித்த பாட்டிகளின் தோள்வலியை முடித்துவைத்தது இந்தப் பசைதான்.

கொழுப்பு என்றதும் கேள்வி வரும், எந்தக் கொழுப்பு என்று. 1988-இல் கடையில் விற்கும் உணவுப் பொருள்களில் பன்றிக் கொழுப்பு கலந்திருக்கிறது என்று ஒரு பல்கலைக்கழக ஆய்விலிருந்து செய்தி பரவி இந்தோனேசியா முழுவதும் பீதி கிளம்பியது. பிஸ்கட், நூடுல்ஸ், பால்பொருள் எதையும் ஜனங்கள் தொட யோசித்தார்கள். அதன் விளைவாக மறுவருஷமே உலமா சபை ஹலால் சோதனைக்கென்று தனி அமைப்பைத் தொடங்கியது. நான் போன சமயத்தில் அந்த பயம் பழங்கதையாகிவிட்டாலும் பழக்கம் நிலைத்திருந்தது. புது டப்பா எது வந்தாலும் இபு எர்தே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருப்பித் திருப்பிப் படிப்பார். எங்கள் வீட்டில் முட்டை உண்டு, கறி கிடையாது. நானும் படிப்பேன். அவர் பன்றியைத் தேடுவார், நான் ஆடு மாடு எல்லாவற்றையும் சேர்த்துத் தேடுவேன். பனையெண்ணெயிலிருந்து எடுத்தது என்று ஒரு டப்பாவில் போட்டிருந்ததைக் கண்டுபிடித்த அன்று இருவருக்கும் ஒரே சந்தோஷம். அதற்குப் பிறகு வேறு டப்பா அந்தச் சமையலறைக்குள் வரவில்லை.

பாரம்பரியப் பலகாரம் என்று இதைச் சொன்னால் கேட்பவர்கள் ஏதோ ஜாவாவை ஆண்ட பழைய மஜபாஹித் ராஜாக்கள் காலத்துச் சங்கதி என்று நினைத்துக்கொள்வார்கள். உள்ளே போன பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இந்தோனேசியாவில் கோதுமை விளைச்சல் என்று சொல்ல ஒன்றுமில்லை. முட்டையை அடித்து மாவோடு சேர்க்கிற வித்தை ஐரோப்பியர் கொண்டுவந்தது. போலு என்ற பெயரே போர்ச்சுக்கீசியம். 1511-இல் மலாக்காவைப் பிடித்து, மறுவருஷம் ஜாதிக்காய்க்காக மாலுக்குத் தீவுகளுக்குப் போனவர்களின் வார்த்தை. இலங்கையில் பறங்கியர் வீட்டு 'போலோ ஃபியாதோ'வும் அதே கப்பல்களின் வாரிசுதான். சர்க்கரை மட்டும் ஜாவாவின் சொந்தம். 1930 வாக்கில் கியூபாவுக்கு அடுத்தபடி உலகத்துக்குச் சர்க்கரை அனுப்பியது ஜாவாதான். மைதா சாதாரண வீடுகளுக்கு வந்ததோ மிகவும் பிந்தி. 1971 கடைசியில் ஜகார்த்தாவின் தஞ்சுங் பிரியோக் துறைமுகத்தில் பொகாசாரி மாவு ஆலை ஓடத் தொடங்கி, அரசு மானியத்தோடு கோதுமை மாவு மூலைமுடுக்குக் கடைவரை போன பிறகே எந்தச் சந்திலும் போலு சாத்தியமாயிற்று. இபு எர்தே நீலமுக்கோணம் போட்ட பையைத்தான் வாங்குவார். அதைவிட மென்மையான நீலச்சாவி மாவு கேக்குக்கு நல்லது என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்கமாட்டார்.

அடுப்பு விஷயத்தில்தான் ஜாவா தன் பிடியை விடவில்லை. டச்சுக்காரன் கேக்கை ஓவனுக்குள் சுட்டான். ஜாவாக்காரர் வீட்டில் ஓவன் ஏது? தண்டாங் இருந்தது, ஆவி இருந்தது. ஆவியில் வேகவைத்துத் தலை பிளக்கவைக்கிற கலை ஏற்கெனவே சீனர் தெருவில் இருந்தது. செமாராங்கின் பெச்சினான் பகுதியில் காங் பாரு என்று ஒரு சந்துச் சந்தை உண்டு. விடிகாலையில் போனால் மீனும் பூவும் பலகாரமும் ஒன்றன்மேல் ஒன்றாக அடைந்து கிடக்கும். அங்கே குவே மங்கோக் என்ற அரிசிமாவுப் பலகாரத்தைப் பார்த்தேன். மரவள்ளிக்கிழங்கை நொதிக்கவைத்த 'தாப்பே' போட்டுப் புளிக்கவைத்து, சிவப்புச் சாயம் கலந்து கிண்ணத்தில் வேகவைப்பது. அதுவும் தலை பிளந்தே ஆகவேண்டும். பிளவு எவ்வளவு பெரிதோ அந்த வருஷ வரவு அவ்வளவு பெரிது என்று கணக்கு. சாமிக்கு வைக்கிற பலகாரம். அதைப் பார்த்த பிறகு போலு குக்குஸின் தாய்வீடு எது என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அதிபர் சுஹார்தோ ஆட்சியில் சீனப் புத்தாண்டை வெளியில் கொண்டாட 1967-லிருந்து தடை. சாமிக்கு வைப்பதெல்லாம் கதவுக்குள்தான். 2000-இல் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் அந்தத் தடையை நீக்கிய பிறகு, அதே காங் பாருவில் சிவப்புக் கிண்ணப் பலகாரங்கள் கடைவாசலில் கோபுரமாக அடுக்கியிருந்ததையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்பினேன்.

எங்கள் சந்தில் போலுவுக்குப் பெரிய கிராக்கி இரண்டு இடத்தில். ஒன்று அரிசான். அது குலுக்கல் சீட்டுதான். மாதம் ஒருமுறை ஒருத்தி வீட்டில் கூடி, பணம் கட்டி, கண்ணாடித் தம்ளருக்குள் சுருட்டிப்போட்ட பெயர்த்துண்டுகளைக் குலுக்கி ஒன்றை விழவைப்பார்கள். யார் வீட்டில் கூட்டமோ அவள் பலகாரம் வைக்க வேண்டும். நல்ல சூடும் இனிப்பும் கெட்டியுமாக மல்லிகை வாசத் தேநீர். தட்டில் இலையில் மடித்த லெம்பெர், வறுத்த கடலை, போலு. பேச்சு என்னவோ பிள்ளைகளின் பள்ளிக்கூடம் பற்றித்தான் இருக்கும். கண் தட்டில் இருக்கும். யார் வீட்டுப் போலு எத்தனை இதழ், வாங்கியதா செய்ததா, ஒருத்தியும் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

இன்னொன்று சாவு. அடுப்புக்குக் காவலிருந்த அந்தக் கிழவி ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். ஜாவாவில் ஏழு இரவு ஓதுவார்கள். பிறகு நாற்பதாம் நாள், நூறாம் நாள், ஆயிரமாவது நாள். ஓத வருகிற ஆண்கள் ஒவ்வொருவருக்கும் பெட்டி கட்டிக் கொடுக்க வேண்டும். சொல்லி அனுப்பாமலே சந்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்து வேலையைப் பகிர்ந்துகொண்டார்கள். 'ரேவாங்' என்பது அதுதான், விசேஷமோ துக்கமோ, அக்கம்பக்கம் கூடி வந்து செய்யும் வேலை. கத்தியும் கட்டையும் அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவருவார்கள். எனக்குக் கிடைத்த வேலை அட்டைப்பெட்டி மடிப்பது. பெட்டி எவ்வளவு உயரம் வேண்டும் என்பதைப் போலுதான் தீர்மானித்தது. மூடி இதழில் பட்டு நசுங்கக் கூடாது. சாவு வீட்டுக்கு இபு எர்தே சிவப்புச் சாயம் போடமாட்டார், பாண்டான் பச்சை மட்டும். அது அவருடைய சொந்த விதி. மாமியாரின் ஏழு நாளும் தானே அடுப்பில் நின்றார். மற்றவர்கள் தடுத்தபோது, "அவர் பார்த்துக்கொண்டிருப்பார், வேறு யாராவது செய்தால் குறை சொல்வார்" என்றார். அன்று அந்தச் சமையலிடத்தில் யாரும் பானைப் பக்கத்தில் பேசவில்லை.

பிறகு 'கிரிஸ்மோன்' வந்தது. பண நெருக்கடியை அந்த ஊரில் அப்படிச் சுருக்கிச் சொன்னார்கள். 1997 நடுவில் ஒரு டாலருக்கு 2,400 ரூப்பியா அளவில் இருந்தது. 1998 ஜனவரியில் 10,000-ஐத் தாண்டியது, ஜூனில் 16,000-ஐயும் தாண்டியது. மில்லுக்குப் பஞ்சு வெளிநாட்டிலிருந்து டாலரில் வரவேண்டும், ஷிப்டு குறைந்தது. அதை நாங்கள் செய்தித்தாளில் படிப்பதற்கு முன்பே போலுவில் பார்த்துவிட்டோம். கோழித் தீவனத்துக்கான சோயாப் புண்ணாக்கு இறக்குமதி. தீவனம் நின்றதும் பண்ணைகள் மூடின, முட்டை மறைந்தது. மைதா இறக்குமதிக் கோதுமை. மானியமும் அரசின் தனியுரிமையும் பன்னாட்டு நிதியத்தின் நிபந்தனையில் போயின. சர்க்கரைக்கு ஜாவாவிலேயே வரிசை. மே மாதம் எரிபொருள் விலை ஏறியது. அதே மாதம் ஜகார்த்தாவும் எங்கள் ஊருக்குப் பக்கத்து சோலோவும் எரிந்தன. 21-ஆம் தேதி சுஹார்தோ பதவி விலகினார். எங்கள் சந்தில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம், வழக்கமான தேநீரில் சர்க்கரை பாதி.

இபு எர்தே செய்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு முட்டை ஒன்றாயிற்று. ஓவலெட் கொஞ்சம் கூடிற்று. சோடா போய்ப் பச்சைத்தண்ணீர் வந்தது. போலு மலர்ந்ததைப் பார்த்து நான் மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மைதாவில் ஒரு பங்கு மரவள்ளி மாவு புகுந்தது. பெரிய குப்பியெல்லாம் பரணுக்குப் போய்ச் சின்னக் குப்பிகள் இறங்கின. வனிலி நின்றது. தீ மட்டும் குறையவில்லை. மண்ணெண்ணெய்க்கு டின்னைத் தூக்கிக்கொண்டு நின்று வாங்கிவந்தாவது அதே இரைச்சலோடுதான் அடுப்பு எரிந்தது. "இந்த நேரத்தில் மலர்ந்தால் என்ன, மலராவிட்டால் என்ன, பு?" என்று கேட்டேன். "முட்டை இல்லாமல் இருக்கலாம், ஜெங். வாயை மூடிக்கொண்ட போலுவை எப்படி ஒருத்தர் கையில் கொடுப்பது?" என்றார். அந்த ஊரில் எனக்குக் கிடைத்த பதில்களில் இதைத்தான் அதிகம் யோசித்திருக்கிறேன். தனக்காகச் செய்த பலகாரமாக இருந்திருந்தால் அவர் எப்போதோ நிறுத்தியிருப்பார். அவர் வீட்டில் யாருக்கும் அது அவ்வளவு பிடிக்காது.

அந்த வருஷம் அரிசான் முறை ஒரு வீட்டுக்கு வந்தது. அந்தக் கணவருக்கு வேலை போய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன. கூட்டத்தைத் தள்ளிப்போடலாம் என்று சொன்னால் காரணம் எல்லாருக்கும் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் தட்டுக்கு என்ன செய்வது? முதல்நாள் மாலை இபு எர்தே பின்வாசல் வழியாக அந்த வீட்டுக்குப் போனார். புதிதாக ஒரு அளவு பரீட்சை செய்து பார்த்தேன், அதிகமாகிவிட்டது, தின்று பார்த்துச் சொல் என்று ஒரு கூடையை வைத்துவிட்டு வந்தார். மறுநாள் தட்டில் இளஞ்சிவப்பு இதழ்கள். எல்லாருக்கும் அது யார் வீட்டுக் கைவேலை என்று தெரியும். இபு எர்தேயே ஒன்றை எடுத்துக் கடித்து, "நன்றாக மலர்ந்திருக்கிறதே, எந்த மாவு போட்டாய்?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டார். அவளும் கூசாமல், "நீலமுக்கோணம்" என்றாள்.

சில வருஷங்களுக்கு முன் செமாராங் போயிருந்தேன். மண்ணெண்ணெய் அடுப்பு அடியோடு இல்லை. 2007-இல் தொடங்கிய திட்டத்தில் அரசு வீடுவீடாகக் கொடுத்த மூன்று கிலோ பச்சை சிலிண்டர்தான் எங்கும். இபு எர்தேக்குப் பதவி எப்போதோ போய்விட்டது, பெயர் போகவில்லை. வியாபாரம் மகள் கையில். ஆர்டர் எல்லாம் வாட்ஸ்அப்பில். மகள் செய்வது 'போலு கராக்தெர்'. குழந்தைகளின் பிறந்தநாளுக்குக் கரடி, பூனை, கார்ட்டூன் முகங்கள் வரைந்த ஆவிக் கேக். அதில் வெடிப்பே வரக் கூடாது, முகம் கோணிவிடும். அதனால் தீயைச் சிம்மில் வைத்து, குப்பியை முக்கால்தான் நிரப்பி, மெள்ள மெள்ள வேகவைக்கிறாள். தாய் எதையெல்லாம் செய்யாதே என்றாரோ அதையெல்லாம் வரிசையாகச் செய்கிறாள், அதுவும் நன்றாகச் செய்கிறாள். எனக்கு அந்தக் கரடி முகம் பிடித்திருந்தது என்றே சொல்வேன். இபு எர்தே ஒன்றைக் கையிலெடுத்து என்னிடம் நீட்டினார். "இது பந்தாத், ஜெங். மூக்கும் கண்ணும் வைத்து இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறாள்." மகள் திரும்பிப் பார்க்காமலே, "அம்மாவின் போலு அட்டைப்பெட்டிக்குள் போகும், என்னுடையது போட்டோவுக்குள் போகும்" என்றாள்.

நம் ஊரில் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம். ஓவலெட்டைத் தேடி அலைய வேண்டாம். பேக்கரி சாமான் கடைகளில் 'கேக் ஜெல்' என்று கேளுங்கள், அதே வகைப் பசை. எதிலிருந்து எடுத்தது என்று டப்பாவைப் படித்துக்கொள்ளுங்கள். சோடா உங்கள் இஷ்டம். இட்லித்தட்டுக் குழி ஆழம் போதாது. குறுகலாகவும் உயரமாகவும் உள்ள சின்னக் கிண்ணம் வேண்டும், உள்ளே காகிதக் குப்பி. விளிம்புவரை மாவு. மூடிக்குத் துண்டு கட்டுங்கள், முடிச்சு உச்சியில் இருக்கட்டும், தொங்கினால் தீப்பிடிக்கும். கேஸைக் குறைக்காதீர்கள். முதல் ஈடு மலராவிட்டால் அடுத்த ஈட்டுக்குத் தண்ணீரை இன்னும் நன்றாகக் கொதிக்கவிடுங்கள். அன்றைக்கே சாப்பிட்டுவிட வேண்டும். மறுநாள் இறுகிப்போனால் ஐந்து நிமிடம் மறுபடி ஆவியில் வையுங்கள், மெத்தென்று ஆகிவிடும். ஆனால் அதை விருந்தாளிக்கு வைக்காதீர்கள், இதழ் ஓரம் சுருங்கியிருக்கும்.